உளவியலை மேஜராக அறிவிப்பது எப்படி? கலிஃபோர்னியாவில் படிப்போரும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் விண்ணப்பப் படிவத்திலேயே 'பி.எஸ்சி. உளவியல்' என்று எழுதிச் சேர்ந்துவிடுகிறோம். அமெரிக்காவில் பெரும்பாலும் இது இரண்டு படிகளாக நடக்கிறது. முதலில் பல்கலைக்கழகத்தில் சேர வேண்டும். சில பாடங்களை முடித்த பிறகு, ஒரு துறையை மேஜராக, அதாவது முதன்மைப் பாடமாக, முறைப்படி அறிவிக்க வேண்டும். கீழே உள்ள பதில்கள் கலிஃபோர்னியாவின் அரசுக் கல்வி நிறுவனங்களைப் பற்றியவை: யு.சி. எனப்படும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகங்கள், கால் ஸ்டேட் எனப்படும் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் வளாகங்கள், இவை இரண்டுக்கும் மாணவர்களை அனுப்பும் இரண்டாண்டுக் கம்யூனிட்டி கல்லூரிகள். மற்ற மாநிலங்களிலும் முறை ஏறக்குறைய இதுதான்; பாடங்களின் அளவைச் சொல்லும் யூனிட் கணக்கும் மதிப்பெண் வரம்பும் மாறும்.

மேஜரை எப்போதுக்குள் அறிவிக்க வேண்டும்?

பொதுவாக இரண்டாம் ஆண்டு முடிவதற்குள். செமஸ்டர் முறையில் பட்டத்துக்கு 120 யூனிட் தேவை என்றால், 60ஐ நெருங்கும்போது மேஜர் தெரிந்திருக்க வேண்டும். ஆண்டை இன்னும் சிறிய பருவங்களாகப் பிரிக்கும் குவார்ட்டர் முறையில் மொத்தம் 180, பாதி 90. யு.சி.யில் இளநிலை வகுப்புகள் நடக்கும் வளாகங்களில் பெர்க்லியும் மெர்செடும் மட்டுமே செமஸ்டர் முறையில் இயங்குகின்றன. லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ, டேவிஸ் போன்ற மற்றவை குவார்ட்டர் முறை. தள்ளிப்போட்டுக்கொண்டே போனால், அடுத்த பருவத்துக்கான பாடப்பதிவை நிறுத்திவைப்பது பல இடங்களில் வழக்கம்.

ஆனால் கடைசி நாளை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது தவறான கணக்கு. அறிவிப்புக்கு முன் முடிக்க வேண்டிய பாடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருபவை. அறிமுகப் பாடம் முடிந்தால்தான் ஆய்வு முறைகள். பல இடங்களில் புள்ளியியல் முடிந்தால்தான் ஆய்வு முறைகள். வகுப்பில் இடம் கிடைக்காமல் ஒன்று தள்ளிப்போனால் எல்லாமே தள்ளிப்போகும். உளவியலில் நாட்டம் இருக்கிறது என்று ஐயமாகத் தோன்றினால்கூட, முதல் ஆண்டிலேயே இந்த வரிசையைத் தொடங்கிவிடுவது நல்லது. பிறகு மனம் மாறினாலும் புள்ளியியல் எந்தத் துறைக்கும் வீணாகாது.

அறிவிப்பதற்கு முன் என்னென்ன பாடங்களை முடித்திருக்க வேண்டும்?

ஏறக்குறைய எல்லா இடங்களிலும் மூன்று பாடங்கள் தவறாமல் இருக்கும்: உளவியல் அறிமுகம், புள்ளியியல், ஆய்வு முறைகள். மூன்றாவதைச் சில துறைகள் அறிவிப்புக்கு முன்பே கேட்கும், சில பின்பு கேட்கும். இவற்றோடு ஓர் உயிரியல் பாடமும் கணிதமும் சேரும். மூளை, நரம்பு, ஹார்மோன் ஆகியவற்றைத் தொடாமல் இன்று உளவியல் படிக்க இயலாது என்பதால் உயிரியலுக்கு விலக்கு எதிர்பார்க்க வேண்டாம்.

லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே அறிமுகப் பாடத்தின் எண் 10, உளவியல் புள்ளியியல் 100ஏ, ஆய்வு முறைகள் 100பி. துறைக்குள் நுழைய அறிமுகமும் புள்ளியியலும் போதாது. இயற்கை அறிவியல், கணிதம், தத்துவம் என்று வெளித்துறைப் பாடங்களும் ஆயத்தப் பட்டியலில் உண்டு. அதன் பிறகுதான் கற்றல், நரம்பியல் அடிப்படைகள், அறிதல், வளர்ச்சி, சமூக உளவியல் என்று உள்ளே விரிகிறது. 'மனநோய்கள் பற்றிப் படிக்கத்தான் வந்தேன், தத்துவமும் கணிதமும் எதற்கு' என்று கேட்கும் மாணவர்களுக்குத் துறை தரும் பதில், பட்டியலைச் சுட்டிக்காட்டுவதுதான்.

இந்தப் பட்டியல்கள் ஆண்டுக்காண்டு திருத்தப்படும். பெரும்பாலும் நீங்கள் சேர்ந்த ஆண்டின் பாடக்கையேடே உங்களைக் கட்டுப்படுத்தும். மூன்று ஆண்டுக்கு முன் படித்த அக்காவோ, வாட்ஸ்அப் குழுவில் யாரோ அனுப்பிய படமோ அதற்கு ஈடாகாது.

புள்ளியியலுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? என் மகளுக்குக் கணக்கு வராது என்பதால்தான் உளவியலை நினைத்தோம்.

இந்தக் காரணத்துக்காக மட்டும் உளவியலைத் தேர்ந்தெடுத்தால் இரண்டாம் ஆண்டிலேயே மாட்டிக்கொள்வார். சராசரி, திட்ட விலக்கம் என்று எளிதாகத் தொடங்கி, ஒட்டுறவு, டி சோதனை, மாறுபாட்டுப் பகுப்பாய்வு, தொடர்புப் போக்கு வரை அந்த ஒரு பாடம் போகும். எஸ்.பி.எஸ்.எஸ். அல்லது ஆர் மென்பொருளில் தரவைப் போட்டுப் பார்க்கும் பயிற்சியும் உண்டு. கால்குலஸ் அளவுக்குக் கணக்கு வேண்டியதில்லை என்பது உண்மை. ஆனால் ஒரு எண்ணைப் பார்த்து 'இது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை' என்று யோசிக்கும் பொறுமை வேண்டும்.

துறை இதில் விடாப்பிடியாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2015ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் பலர் சேர்ந்து, உளவியல் இதழ்களில் வெளிவந்த 100 ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்து, முடிவைச் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல் முக்கியத்துவம் கொண்ட முடிவைக் காட்டியிருந்தன. மறுபடி செய்தபோது 36 சதவீதமே அப்படிக் காட்டின. பாடநூலில் இருக்கும் கண்டுபிடிப்பே நிற்குமா என்ற கேள்வி துறைக்குள்ளிருந்தே எழுந்துவிட்டது. அதற்குப் பிறகு புள்ளியியல் தெரியாதவருக்கு உளவியல் பட்டம் தர எந்தத் துறையும் துணியாது. துணியவும் கூடாது.

கணக்கில் தயக்கம் இருப்பவர்களுக்கு என் யோசனை: புள்ளியியலைக் கடினமான வேறு பாடங்களோடு ஒரே பருவத்தில் எடுக்காதீர்கள். குவார்ட்டர் முறையில் வகுப்புகள் பத்தே வாரம். இரண்டாம் வாரத்தில் பின்தங்கினால் முதல் தேர்வு வந்துவிடும். கோடையில் தனியாக எடுப்பது சிலருக்குப் பொருந்தும், ஆனால் அங்கே வேகம் இன்னும் கூடுதல்.

எவ்வளவு கிரேடு வேண்டும்?

அடிப்படை வரம்பு பல இடங்களில் ஒவ்வொரு ஆயத்தப் பாடத்திலும் சி, மொத்தத்தில் 2.0 ஜி.பி.ஏ. (கிரேடுகளின் சராசரி). போட்டி அதிகமுள்ள வளாகங்களில் இது நுழைவாயிலுக்கு வெளியே நிற்கும் தகுதி மட்டுமே.

இரண்டு நுணுக்கங்களைப் பலர் கவனிப்பதில்லை. மேஜருக்கான பாடங்களை எழுத்துக் கிரேடுக்குத்தான் எடுக்க வேண்டும். 'பாஸ், நோ பாஸ்' முறையில் எடுத்தால் வழக்கமாகக் கணக்கில் வராது. இரண்டாவது, யு.சி.யில் சி வாங்கிய பாடத்தைத் திரும்பப் படித்துக் கிரேடை உயர்த்திக்கொள்ள முடியாது. டி, எஃப் வாங்கியவருக்கு அந்த வாய்ப்பு உண்டு. விசித்திரமான விதிதான். ஆகவே சுமாராகப் போய்க்கொண்டிருக்கும் பாடத்தில், பருவத்தின் நடுவிலேயே ஆசிரியரின் அலுவல் நேரத்துக்குப் போய் உதவி கேட்பதே சரியான நேரம்.

'ப்ரீ சைக்காலஜி' என்று அனுமதிக் கடிதத்தில் இருக்கிறது. அப்படியென்றால் உளவியலில் சேர்ந்தாயிற்றா?

இன்னும் இல்லை. ஆயத்தப் பாடங்களை முடித்து, துறையிடம் மனு கொடுத்து, அது ஏற்கப்பட்ட பிறகே உளவியல் மாணவர். லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் இந்த முறை உண்டு.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத வேறு இரண்டு சொற்களும் காதில் விழும். கால் ஸ்டேட் வளாகங்களில் இடங்களைவிட விண்ணப்பங்கள் மிகுந்த மேஜர்களை 'இம்பாக்டட்' என்பார்கள். பல வளாகங்களில் உளவியல் அந்த வகை. அங்கே கூடுதல் ஆயத்தப் பாடமும் உயர்ந்த ஜி.பி.ஏ.யும் கேட்கலாம். பெர்க்லியில் உளவியல் 'ஹை டிமாண்ட்' மேஜர்களில் ஒன்று. வேறு மேஜரில் சேர்ந்துவிட்டுப் பிறகு அதற்குள் வர விரும்புவோர் தனியாக விண்ணப்பித்து மதிப்பீட்டுக்குக் காத்திருக்க வேண்டும். 'முதலில் ஏதாவது ஒன்றில் உள்ளே நுழைந்துவிட்டால் பிறகு மாற்றிக்கொள்ளலாம்' என்ற அறிவுரை ஒரு காலத்தில் பலித்திருக்கலாம். இப்போது அதை நம்பி விண்ணப்பிப்பது சூதாட்டம்.

பள்ளியில் ஏ.பி. எனப்படும் கல்லூரி அளவிலான தேர்வை உளவியலில் எழுதி 5 வாங்கியிருக்கிறான். அறிமுகப் பாடத்தைத் தவிர்க்கலாமா?

யூனிட் கிடைப்பது வேறு, பாடவிலக்கு கிடைப்பது வேறு. யு.சி. வளாகங்கள் 3 அல்லது அதற்கு மேற்பட்ட ஏ.பி. மதிப்பெண்ணுக்குப் பட்டக் கணக்கில் யூனிட் தருகின்றன. அது உளவியல் துறையின் அறிமுகப் பாடத்துக்கு ஈடாகுமா என்பதை ஒவ்வொரு துறையும் தனித்தனியே தீர்மானிக்கிறது. ஏ.பி. புள்ளியியலுக்கும் இதே நிலைதான்: பொதுக் கல்வித் தேவை நிறைவேறலாம், உளவியல் புள்ளியியலை மறுபடி எடுக்கச் சொல்லலாம். துறையின் இணையப் பக்கத்தில் இது தெளிவாக இருக்கும். இல்லையென்றால் ஆலோசகருக்கு ஒரு மின்னஞ்சல் போதும்.

கம்யூனிட்டி கல்லூரியில் தொடங்கினால் மதிப்பு குறைவா?

நம் குடும்பங்களில் இதைச் சொல்லவே கூச்சப்படுகிறார்கள். வீண் கூச்சம். சிறிய வகுப்பு, குறைந்த கட்டணம், முதலிரண்டு ஆண்டுப் பாடங்கள் அதே தரம். கடைசியில் பட்டச் சான்றிதழில் இருக்கப்போவது மாறிச்சென்ற பல்கலைக்கழகத்தின் பெயர். வேறு கல்லூரிகளிலிருந்து மாறிவரும் மாணவர்களை யு.சி. சேர்க்கும்போது கலிஃபோர்னியாவின் கம்யூனிட்டி கல்லூரி மாணவர்களுக்கே முன்னுரிமை தருகிறது.

வழிகள் இரண்டு. கால் ஸ்டேட்டுக்குப் போக, கல்லூரி மாறுவதற்கென்றே உளவியலில் ஓர் இணைநிலைப் பட்டம் (இரண்டாண்டுப் பட்டம்) உண்டு. 2010ல் இயற்றப்பட்ட மாநிலச் சட்டத்தின் பேரில் வந்தது. அதன் அடித்தளமும் அறிமுகம், புள்ளியியல், ஆய்வு முறைகள்தான், உயிரியலும் சேரும். 60 யூனிட்டில் முடித்தால் கால் ஸ்டேட் அமைப்பில் எங்காவது மூன்றாம் ஆண்டு இடம் உறுதி. விரும்பிய வளாகம்தான் கிடைக்கும் என்ற உறுதி கிடையாது. இதைப் படிக்காமல் விட்டுப் பிறகு வருந்துவோர் உண்டு. யு.சி.க்குப் போக, டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் நிபந்தனைகளுடன் முன்கூட்டியே இடத்தை உறுதி செய்யும் ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ மூன்றும் அதில் இல்லை.

எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் எந்த வளாகத்தில் எதற்கு ஈடு என்பதை 'அசிஸ்ட்' என்ற மாநில இணையதளத்தில் பார்க்கலாம். பதிவு செய்வதற்கு முன் பார்க்க வேண்டும், பின்பு அல்ல. 2025 இலையுதிர் பருவத்திலிருந்து அறிமுக உளவியலுக்கும் புள்ளியியலுக்கும் கம்யூனிட்டி கல்லூரிகளில் பொதுவான பாட எண்கள் வந்துவிட்டன: சைக் சி1000, ஸ்டேட் சி1000. ஒவ்வொரு கல்லூரியும் தனக்கென ஓர் எண் வைத்திருந்த தலைவலி இந்த இரண்டு பாடங்களிலாவது குறைந்திருக்கிறது.

அறிமுகப் பாடத்தில் 'ஆய்வுகளில் பங்கேற்க வேண்டும்' என்கிறார்கள். பிள்ளைகளை வைத்துச் சோதனை செய்கிறார்களா?

செய்கிறார்கள், அவர்கள் சம்மதத்தோடு. கணினித் திரையில் சொற்களை வரிசைப்படுத்துவது, படங்களை நினைவில் வைத்துச் சொல்வது, கேள்வித்தாள் நிரப்புவது போன்றவையே பெரும்பாலும். விருப்பமில்லாதவர்களுக்குக் கட்டுரை எழுதுவது போன்ற மாற்று வேலை தரப்படும். 18 வயது நிரம்பாத மாணவருக்குப் பெற்றோரின் ஒப்புதல் கேட்கப்படலாம்.

அச்சத்துக்கு வரலாற்றில் காரணம் உண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 1961ல் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் நடத்திய பணிதல் சோதனையில், இன்னொருவருக்கு உண்மையிலேயே மின்னதிர்ச்சி கொடுக்கிறோம் என்று பங்கேற்றவர்கள் நம்பவைக்கப்பட்டார்கள். 1971ல் ஸ்டான்ஃபோர்டில் நடந்த சிறைச் சோதனையைப் பாதியில் நிறுத்த வேண்டியிருந்தது. 1974ல் வந்த தேசிய ஆய்வுச் சட்டமும் 1979ன் பெல்மான்ட் அறிக்கையும் இன்றைய விதிகளுக்கு அடிப்படை. நிறுவனத்தின் நெறிமுறைக் குழு ஒப்புக்கொள்ளாமல் எந்தப் பேராசிரியரும் மாணவரிடம் ஒரு கேள்வித்தாளைக்கூட நீட்ட முடியாது. பங்கேற்பவர் எந்த நொடியிலும் எழுந்து போகலாம்.

பி.ஏ.வா, பி.எஸ்.ஸா?

பல இடங்களில் தேர்வுக்கே வழியில்லை. பெர்க்லியில் உளவியல் பி.ஏ. மட்டுமே. டேவிஸ், சான் டியாகோ வளாகங்களில் இரண்டும் உண்டு, பி.எஸ்.ஸில் அறிவியல், கணிதப் பாடங்கள் கூடுதல். லாஸ் ஏஞ்சலஸில் உளவியல் பி.ஏ., சைக்கோபயாலஜி பி.எஸ். மேற்படிப்புக்கு ஆய்வகத்தில் வேலை செய்த அனுபவமும் பேராசிரியரின் பரிந்துரைக் கடிதமும் தரும் பலத்தை இந்த இரண்டு எழுத்துகள் தருவதில்லை.

எஃப்-1 மாணவர் விசாவில் இருக்கிறேன். மேஜர் அறிவிப்பில் நான் தனியாகக் கவனிக்க வேண்டியது என்ன?

மூன்று விஷயங்கள். மேஜர் மாறினால், விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தந்த ஐ-20 படிவத்தில் அது புதுப்பிக்கப்பட வேண்டும். துறை அலுவலகம் அதைச் செய்யாது; சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு நீங்கள்தான் தெரிவிக்க வேண்டும்.

அடுத்தது 12 யூனிட் கணக்கு. இளநிலை மாணவர் பருவத்துக்குக் குறைந்தது 12 யூனிட் படிக்க வேண்டும். புள்ளியியல் கைமீறிப் போகிறது என்று பருவத்தின் நடுவில் விட்டுவிட்டால் எண்ணிக்கை 12க்குக் கீழே இறங்கி விசா நிலைக்கே ஆபத்து வரலாம். விடுவதற்கு முன் அந்த அலுவலகத்தின் அனுமதி வேண்டும்.

மூன்றாவது பலருக்குப் பட்டம் வாங்கும் நேரத்தில்தான் தெரியவருகிறது. ஒவ்வொரு பட்டத்துக்கும் சி.ஐ.பி. என்ற குறியீட்டு எண் உண்டு. பொது உளவியலின் குறியீடு 42.0101, அது அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதத் துறைகளுக்கான 'ஸ்டெம்' பட்டியலில் இல்லை. அதாவது படிப்புக்குப் பின் ஓ.பி.டி. எனப்படும் வேலைப் பயிற்சி அனுமதியில் 12 மாதம் வேலை செய்யலாம், கூடுதலாக 24 மாதம் கிடைக்காது. ஆனால் சோதனை உளவியல், அறிதல் உளவியல் போன்றவை அடங்கிய 42.27 வரிசை அந்தப் பட்டியலில் இருக்கிறது. அறிதல் அறிவியலும் நரம்பியலும் இருக்கின்றன. ஒரே பெயருள்ள பட்டத்தை இரு பல்கலைக்கழகங்கள் இரு குறியீட்டில் வைத்திருக்கக்கூடும். பட்டத்தின் பெயரைப் பார்த்து ஊகிக்காமல், குறியீடு என்ன என்று அறிவிப்புக்கு முன்பே கேட்டுவிடுங்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் இடையே இரண்டு ஆண்டு வேலை உரிமை வித்தியாசம்.

கட்டணம் கட்டுவது நாங்கள். கிரேடு கேட்டால் பல்கலைக்கழகம் சொல்ல மறுக்கிறதே?

சட்டப்படி அவர்கள் நடப்பது சரி. 'ஃபெர்பா' எனப்படும் 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கல்லூரியில் சேர்ந்ததும் கல்விப் பதிவுகள் மீதான உரிமை மாணவருக்குப் போய்விடுகிறது, வயது 18 ஆகாவிட்டாலும். மாணவர் எழுத்து மூலம் ஒப்புதல் கொடுத்தால் பார்க்கலாம். வருமான வரியில் அவரைச் சார்ந்தவராகக் காட்டும் பெற்றோருக்குத் தகவல் தரலாம் என்று சட்டம் அனுமதித்தாலும், தந்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. ஆலோசகரிடம் மகனுக்குப் பதில் அப்பா போன் செய்வது பயன் தராது. மகனை உட்காரவைத்துக் கேட்பது தரும்.

மருத்துவம் படிக்கும் எண்ணம் இருந்தால் உளவியல் எடுக்கலாமா?

தாராளமாக. மருத்துவப் பள்ளிகள் குறிப்பிட்ட மேஜர் கேட்பதில்லை. வேதியியல், உயிரியல், இயற்பியல் பாடங்களைக் கேட்கின்றன. அவற்றைத் தனியே முடிக்க வேண்டும். மருத்துவப் பள்ளி நுழைவுத் தேர்வான எம்கேட்டில் 2015 முதல் உளவியல், சமூகவியல் அடிப்படைகளுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது: 59 கேள்விகள், 95 நிமிடம்.

பட்டம் வாங்கியதும் உளவியலாளராகப் பணி செய்யலாமா?

முடியாது. கலிஃபோர்னியாவில் அந்தப் பெயரோடு தொழில் செய்ய முனைவர் பட்டமும் 3,000 மணி நேர மேற்பார்வைப் பணியும் உரிமத் தேர்வும் வேண்டும். குடும்ப ஆலோசனைச் சிகிச்சையாளர் ஆவதற்கு முதுநிலைப் பட்டம் போதும், அதற்கும் 3,000 மணி நேரம் உண்டு. ஊர் திரும்பி மருத்துவ உளவியலாளராக வேலை செய்ய நினைப்பவர்கள், 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு விதிகளை இப்போதே படித்துவைப்பது நல்லது. அமெரிக்க இளநிலைப் பட்டம் மட்டும் அங்கே கதவைத் திறக்காது.

இளநிலைப் பட்டத்தோடு நிற்பவர்கள் மனிதவளம், பயனர் ஆய்வு, சந்தை ஆய்வு, கல்வித்துறை என்று போகிறார்கள். அங்கே கைகொடுப்பதும் பெரும்பாலும் அந்தப் புள்ளியியலும் ஆய்வு முறையும்தான்.

மனு நிராகரிக்கப்பட்டால்?

முதலில் காரணம் கேளுங்கள். ஒரு பாடம் குறைந்தது என்றால் அடுத்த பருவத்தில் சரிசெய்யலாம். ஜி.பி.ஏ.தான் காரணம் என்றால், மறுபடி விண்ணப்பிக்க அனுமதி உண்டா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் தயங்காமல் அண்டைத் துறைகளைப் பாருங்கள். மொழியியல், சமூகவியல், மனித வளர்ச்சி, பொதுச் சுகாதாரம் ஆகியவற்றில் உளவியலோடு உறவுள்ள பாடங்கள் நிறைய. உளவியல் முதுநிலைப் படிப்புகள் பலவற்றில் இளநிலை மேஜர் உளவியலாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. அடிப்படைப் பாடங்கள் சில இருந்தால் போதும்.

அறிவிக்கும் நாளில் என்ன எடுத்துப்போக வேண்டும்?

பெரும்பாலும் இணையப் படிவம்தான், சில நிமிட வேலை. ஆலோசகரைச் சந்திக்க வேண்டியிருந்தால் மதிப்பெண் பட்டியலின் பிரதி, வேறு கல்லூரியில் எடுத்த பாடங்களின் பாடத்திட்டம், மீதமுள்ள பருவங்களுக்கு நீங்களே போட்டுப்பார்த்த திட்டம் ஆகியவற்றோடு போங்கள். இந்தியாவில் ஓராண்டு படித்துவிட்டு வந்தவர்களுக்கு அந்தப் பாடத்திட்டப் பக்கங்கள் மிக முக்கியம். பாடத்தின் பெயரை மட்டும் வைத்து யாரும் ஈடு தர மாட்டார்கள். பருவத்தின் முதல் வாரமும் பாடப்பதிவு வாரமும் ஆலோசகர் அறைக்கு வெளியே நீண்ட வரிசை நிற்கும் காலம். நடுவில் ஐந்தாம், ஆறாம் வாரத்தில் போனால் நிதானமாகப் பேசலாம்.